மயானச் சங்கத்தின் வரலாற்றை எழுதும் முறை: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் வெள்ளிவிழாவும் பொன்விழாவும் காணும் ஊர்ச் சங்கங்களில், சுடுகாட்டையோ கல்லறைத் தோட்டத்தையோ கபர்ஸ்தானையோ பராமரித்துவரும் சங்கங்களும் உண்டு. விழா நெருங்கும்போது மலர் வெளியிடுவதென்று தீர்மானம் போட்டு, ஓரளவு எழுத்துப் பழக்கமுள்ள உறுப்பினர் ஒருவரிடம் ‘சங்க வரலாறு’ என்னும் கட்டுரையை ஒப்படைத்துவிடுவார்கள். அப்படிப் பொறுப்பேற்றவருக்காகவே இதை எழுதுகிறேன். விழா மலர்களில் பெரும்பாலும் காணக்கிடைப்பவை தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களின் வரிசை, சுற்றுச்சுவர் எழும்பிய ஆண்டு, தகனக் கொட்டகைக்கு அடிக்கல் நாட்டிய பிரமுகரின் படம் ஆகியவையே. அவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். ஆனால் அந்த நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது, அதற்கான பணம் எந்தெந்த வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது, அங்கே குழி வெட்டியவரும் சிதை அடுக்கியவரும் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாத எதையும் மயானச் சங்கத்தின் வரலாறு என்று ஏற்க என் மனம் ஒப்புவதில்லை. கீழே சொல்லப்படும் வேலைமுறை முழுவதும் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எந்தச் சங்கம், எப்போது பிறந்தது?

மயானம் சார்ந்த அமைப்புகள் நம் மாவட்டத்தில் ஒரே மாதிரியானவை அல்ல. ஊர்வகையோ சமுதாயமோ சபையோ ஜமாத்தோ தன் மயானத்தைப் பராமரிக்க அமைத்த கமிட்டி ஒன்று. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, சாவு விழுந்த வீட்டுக்கு அன்றைக்கே கையில் பணம் கொடுக்கும் மரண சகாய நிதிச் சங்கம் மற்றொன்று. சவப்பெட்டி செய்பவர், அமரர் ஊர்தி ஓட்டுபவர், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர், பந்தல்காரர் ஆகியோர் தொழில் முறையில் கூடிய சங்கங்களும், உள்ளாட்சியின் எரிவாயு தகன மேடையை ஒப்பந்தத்தின் பேரில் நடத்தும் ட்ரஸ்டுகளும் பிற்காலத்தில் சேர்ந்தவை. ஒரே சங்கம் ஒரு காலத்தில் நிதிச் சங்கமாக இருந்து, பிறகு நிலம் வாங்கி, பிறகு பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அமைப்பாக மாறியிருக்கலாம். ஆகையால் உங்கள் சங்கம் எந்தெந்த வடிவங்களைக் கடந்து வந்தது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

பதிவு பெற்ற சங்கமானால் அதன் காகிதங்கள் எங்கே இருக்கும் என்பது ஆண்டைப் பொறுத்தது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கே பதிவானவை 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு விண்ணப்பித்து, சங்க விதிமுறைகளின் சான்றிட்ட நகலையும், ஆண்டுதோறும் தாக்கல் செய்யப்பட்ட நிர்வாகிகள் பட்டியலையும் பெறுங்கள். தொழிலாளர்களின் சங்கமானால் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி தொழிலாளர் துறையிலும், ட்ரஸ்டானால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேட வேண்டும்.

பிற நாடுகளில் இத்துறைச் சங்கங்கள் வளர்ந்த விதத்தை அறிந்திருப்பது, நம் சங்கத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் 1887-இல் கல்லறைத் தோட்டக் கண்காணிப்பாளர்கள் சின்சினாட்டி நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அன்று அது தோட்டங்களை மேற்பார்வையிடும் அலுவலர்களின் கூட்டமாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் தகன மேடை நடத்துபவர்களும் இறுதிச்சடங்கு நிறுவனத்தாரும் உள்ளே வர, பெயர் பலமுறை மாறி, இன்று அது கல்லறை, தகனம், இறுதிச்சடங்கு ஆகிய மூன்றையும் பெயரிலேயே தாங்கிய சர்வதேசச் சங்கமாக நிற்கிறது. பிரிட்டனில் 1913-இல் தொடங்கிய கல்லறைக் கண்காணிப்பாளர் சங்கமும் இப்படியே தகன மேடை நிர்வாகத்தையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. பெயர் மாறும்போது உறுப்பினராகும் தகுதியும் மாறியிருக்கக்கூடும். உங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை, முத்திரை, லெட்டர்பேட் ஆகியவற்றில் பெயர் மாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தந்த ஆண்டில் யார் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள், யார் விலகினார்கள் என்று தேடுங்கள். பாதி வரலாறு அங்கே அகப்படும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் தகனத்தை ஆதரித்துச் சர் ஹென்றி தாம்சன் முதலானோர் 1874-இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் வோகிங்கில் அமைத்த தகன மேடையில் முதல் உடல் எரியூட்டப்பட்டது 1885-இல்தான். தகனத்துக்கென்று தனிச் சட்டம் 1902-இல் வந்தது. அங்கே சங்கம் முந்தியது, மேடை பிந்தியது. நம் ஊர்களில் பெரும்பாலும் மயானம் தலைமுறைகளுக்கு முந்தியது. சங்கம் பின்னால் வந்தது. எனவே சங்கத்தின் வயதையும் மயானத்தின் வயதையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது. ‘நூற்றாண்டு கண்ட சங்கம்’ என்று பேனர் அடிப்பதற்கு முன், நூறாண்டு ஆனது எதற்கு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள்

தேடலைத் தீர்மானப் புத்தகத்தில் தொடங்குவதைவிட நிலத்தில் தொடங்குவதே நல்லது. தீர்மானப் புத்தகம் சங்கத்தார் விரும்பியதை மட்டுமே சொல்லும். நில ஆவணத்தில் அண்டை நிலத்துக்காரரின் குரலும் இருக்கும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் புறம்போக்கா பட்டாவா என்று பாருங்கள். புல வரைபடத்தின் நகலையும் வாங்குங்கள். இங்கே கிடைப்பது மறுநில அளவை எண். பழைய பிரமாணங்களில் (நிலப் பத்திரங்களில்) இருப்பதோ திருவிதாங்கூர் அரசு 1886-இல் அறிவித்து 1911-இல் முடித்த நிலவரித் திட்டத்தின் பழைய சர்வே எண். இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பெறாவிட்டால், வேறொருவரின் விளையை (தோட்ட நிலத்தை) உங்கள் மயானம் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காதவற்றை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ‘மயானம் பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்’ என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. புல எண், பழைய எண், பகுதியின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தன. அதற்கு முந்திய அரசுக் கோப்புகளைத் தேடுபவர் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போக நேரிடும். பிந்தியவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழையவை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவர் வாசிக்க வாசிக்க ஒலிப்பதிவு செய்துகொள்வது நல்லது. சுடலை, சுடுகாடு, இடுகாடு, மயானம், சவக்கோட்டை, மையவாடி என்று ஒரே வகை நிலம் பல பெயர்களில் பதிவாகியிருக்கும் என்பதால் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும்.

நிலம் தானமாக வந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தவர் பெயரை வைத்துத் தேடுங்கள். பிரமாணம் கிடைத்ததும், பலர் தானக்காரரின் பெயரைக் குறித்துக்கொண்டு தாளை மூடிவிடுவார்கள். நான்கெல்லையை வாசிக்காமல் விடாதீர்கள். கிழக்கே ஓடை, தெற்கே இன்னாருடைய தென்னை விளை, மேற்கே சவம் கொண்டுபோகும் நடைபாதை என்று எழுதியிருக்கும் அந்த நான்கு வரிகளில், அன்றைய ஊரின் வரைபடமே அடங்கியிருக்கிறது. நடைபாதை பிற்காலத்தில் வழக்குக்குள்ளாகியிருந்தால் நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை நீதிமன்றங்களில் ஒன்றில் தீர்ப்பு நகல் கிடைக்கக்கூடும். சங்கம் தோன்றியதற்கே பாதை வழக்கு காரணமாக இருந்த ஊர்களும் உண்டு. வக்கீல் கட்டணத்துக்காகத் தொடங்கிய வசூல்தான் பிறகு மாதச் சந்தாவாக நிலைத்திருக்கும்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சொந்த விளையிலேயே அடக்கம் செய்வதும் எரிப்பதும் நெடுங்கால வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் பொது மயானம் எப்போது தேவைப்பட்டது என்று கேளுங்கள். பாகப்பிரிவினையில் விளைகள் சென்ட் கணக்காகச் சுருங்கி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே குழி வெட்ட இடமில்லாமல் போன காலமும், சங்கம் நிலம் தேடத் தொடங்கிய காலமும் ஒன்றாக இருக்கிறதா என்பதைப் பிரமாணங்களின் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தாலே சொல்லிவிடலாம். 1999-ஆம் ஆண்டில் கிராம ஊராட்சிகளின் மயானங்களுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. அதன் பின் ஊராட்சியிடம் உரிமம் கேட்டு எழுதிய கடிதங்கள் சங்கக் கோப்பில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லம் ஆண்டும் சக்கரமும்

பழைய கணக்குப் புத்தகம் கையில் கிடைத்தால் அதைவிடப் பெரிய பேறு இல்லை. ஆனால் அதைத் திறந்தவுடன் இரண்டு தடைகள் வரும்: ஆண்டும் பணமும். ஆண்டு கொல்லம் ஆண்டு. சிங்க மாதம் முதல் தேதியில், அதாவது ஆவணியில் பிறப்பது. சிங்கம் முதல் டிசம்பர் கடைசி வரையுள்ள நாட்களுக்குக் கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகக் கடைசி வரையுள்ள நாட்களுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தனு மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழுவதால் அதில் மட்டும் கூடுதல் கவனம் தேவை.

பணத்தைப் பொறுத்தவரை, திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு வகை ரூபாயும் வரக்கூடும். பின்னர் அணாக் கணக்கு வரும்; 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு நயா பைசா வரும்.

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘1112 துலாம் 9. குழிவெட்டுக் கூலி 7 சக்கரம். பாய் 2 சக்கரம். கற்பூரம் 1 சக்கரம் 8 காசு.’ துலாம் ஐப்பசியாகும். எனவே 824-ஐக் கூட்ட 1936 கிடைக்கிறது. நாளைச் சரிபார்க்க நமக்கு ஓர் உறுதியான அடையாளம் உண்டு. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27-இல், அதாவது 1936 நவம்பர் 12-இல் வெளியானது. அங்கிருந்து 18 நாள் பின்னே எண்ணினால் துலாம் 9 என்பது அக்டோபர் 25. மொத்தச் செலவு 10 சக்கரம் 8 காசு. சர்க்கார் ரூபாயில் எட்டில் மூன்று பங்கு. அதில் குழி வெட்டியவருக்குப் போனது கால் ரூபாய். இந்தத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுதுவதை நான் விரும்புவதில்லை. அது வாசகரைத் தவறான ஒப்பீட்டுக்கு இழுத்துச் செல்லும். அதற்குப் பதிலாக, அதே புத்தகத்தில் சுவர் கட்டிய கொத்தனாருக்கு நாளொன்றுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று பார்த்து இரண்டையும் அருகருகே எழுதுங்கள். குழிவெட்டுபவரின் உழைப்புக்குச் சங்கம் வைத்த மதிப்பு, எந்த விளக்கமும் இல்லாமல் தெரிந்துவிடும்.

கணக்கில் ‘வெட்டியானுக்கு’, ‘ஆளுக்கு’ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், பெயர் இருக்காது. பெயர் வேண்டுமானால் ரசீதுக் குற்றிகளையும் (அடிக்கட்டைகளையும்) வவுச்சர்களையும் பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் கைநாட்டுக்கு அருகில், கணக்குப்பிள்ளை அவருடைய பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதியிருப்பார். அந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்து ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் தயாரித்தால், தலைவர்களின் பட்டியலுக்கு நிகரான இன்னொரு பட்டியல் உங்கள் மலரில் இடம்பெறும். சிரட்டையும் தொண்டும் (தேங்காய் மட்டையும்) மாவிறகும் வாங்கிய செலவு எந்த ஆண்டில் குறைந்தது, எரிவாயுக்கான செலவு எந்த ஆண்டில் தோன்றியது என்பதும் இந்த வவுச்சர்களிலிருந்தே தெரியவரும்.

கல்லை வாசித்தல்

மாவட்டத்தில் கல்லறைக் கல்லை வாசித்துப் பழகப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை நல்ல இடம். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூரின் படைத்தளபதியாக உயர்ந்து 1777-இல் இறந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மரணத்தை இரண்டு மொழிகளில் எழுதும்போது எந்த மொழியில் எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று நின்று ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ஊர்க் கற்களில் எதைத் தேட வேண்டும் என்பது பிடிபடும்.

மங்கிய எழுத்தை வாசிக்கச் சாக்கட்டியோ மாவோ தேய்ப்பதும், கம்பித் தூரிகையால் உரசுவதும், ஆசிட் ஊற்றுவதும் கூடவே கூடாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஏற்கெனவே சாந்தை அரித்துவைத்திருக்கும். நாம் ஒருமுறை உரசினால் அடுத்த தலைமுறைக்கு அந்த எழுத்து இருக்காது. மென்மையான தூரிகையும் சுத்தமான தண்ணீரும் போதும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால், உச்சி வெயிலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட நிழல் கட்டித் தெரியும். நிழலில் உள்ள கல்லுக்கு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் விழச் செய்யலாம். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலை வையுங்கள். வரிசை எண்ணைக் கல்லின் மேல் எழுதாமல் தாளில் எழுதி அருகில் வையுங்கள். எழுத்தை உள்ளபடியே, பிழையோடும் பழைய எழுத்துருவோடும் படியெடுங்கள். மயிலாடிச் சிற்பிகளிடம் கல் வாங்கியிருந்தால், அந்தப் பட்டறையிலும் ஒருமுறை விசாரிப்பது வீண்போகாது.

கல்லே இல்லாத அடக்கங்களும் ஏராளம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அய்யாவழி மக்கள் உடலை அமர்ந்த நிலையில் வடக்கு நோக்கி அடக்கம் செய்வார்கள். கபர்ஸ்தான்களில் பெரும்பாலும் மண் மேடுதான். எரித்த இடத்திலோ எதுவும் மிஞ்சாது. கல்லை மட்டும் நம்பி எழுதினால், கல் வைக்க வசதி இருந்த குடும்பங்களின் வரலாறாகவே அது முடியும்.

பதிவேடுகள்

பங்குக் கோயில்களிலும் சபைகளிலும் அடக்கப் பதிவேடு உண்டு. பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ முறையாக எழுதிக் கேட்டு, அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை. லண்டன் மிஷனைச் சேர்ந்த பழைய சபைகளின் ஆண்டறிக்கைகளும் கடிதங்களும் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுப்பிய காலத்தை ஒட்டிய செய்திகளை அங்கே தேடலாம். ஜமாத்துகளில் கணக்குப் புத்தகமும் வக்ஃப் ஆவணங்களும் உதவும். உள்ளாட்சியின் இறப்புப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது.

பதிவேட்டை வாசிப்பதில் ஒரு சிறு உத்தி உண்டு. பெயர்களைப் படிக்கும் முன்பு, ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை அடக்கம் என்று எண்ணி ஒரு அட்டவணை போடுங்கள். எண்ணிக்கை திடீரென உயரும் மாதம் கொள்ளைநோய்க் காலமாக இருக்கலாம். உலகைச் சூழ்ந்த விஷக்காய்ச்சல் 1918-இன் இறுதியில் பரவியது. உங்கள் பதிவேட்டில் 1094 துலாம், விருச்சிகப் பக்கங்களை அவசியம் பாருங்கள். அவ்வளவு குழிகளை யார் வெட்டினார்கள், கூலி கூட்டிக் கொடுக்கப்பட்டதா என்பதற்குக் கணக்குப் புத்தகத்தின் அதே மாதம் விடை தரும்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

முன்னாள் தலைவர்களைச் சந்திப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழி வெட்டிய அண்ணாச்சி, சிதை அடுக்கியவர், துக்கமணி அடித்த கோயில்குட்டி அல்லது கப்பியார், சந்தூக்கைச் (சவம் தூக்கும் பெட்டியை) சுமக்க ஆள் சேர்த்த பள்ளிவாசல் மோதினார், சவப்பெட்டி அடித்த ஆசாரி, பெண்களின் உடலைக் குளிப்பாட்டிய பாட்டிமார் ஆகியோரைப் பாருங்கள். இவர்களிடம் இதுவரை யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள்; சங்க அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள். அங்கே வந்தால் நிர்வாகிகளின் முன்னிலையில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்றுதான் சொல்வார்கள். சாவு நடந்த வீட்டில் பதினாறாம் நாள் அடியந்திரம் முடியும் வரை இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்ல வராது. ஊர் அறிந்த நிகழ்வுகளைத் துணைக்கு வைத்துக் கேளுங்கள்: மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த 1954 ஆகஸ்டுக்கு முன்னாலா பின்னாலா? நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிய 1979-க்கு முன்னாலா? மண்டைக்காட்டுக் கலவரம் நடந்த 1982-இல் சுற்றுச்சுவர் இருந்ததா? 1992 நவம்பர் வெள்ளத்தில் கல்லறைகள் மூழ்கினவா? சுனாமிக்கு அடுத்த வருஷமா, ஒக்கிப் புயலுக்குப் பிறகா? இப்படிக் கேட்டால் ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளாவது காலத்தைக் குறுக்கிவிடலாம். பின்பு கணக்குப் புத்தகத்தை வைத்து ஆண்டை முடிவு செய்யுங்கள். நினைவும் ஆவணமும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை எழுதாமல், இரண்டையும் எழுதி எது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லுங்கள்.

கூலி பற்றிக் கேட்கும்போது தொகையோடு நின்றுவிடாதீர்கள். கூலி அன்றே கிடைத்ததா, அடியந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்ததா, வேட்டியும் அரிசியும் தனியே உண்டா, மழைநாளில் குழியில் ஊற்று எடுத்தால் தண்ணீர் இறைத்ததற்குக் கூடுதலாகக் கொடுத்தார்களா, மண்வெட்டியும் கூந்தாலியும் யாருடையவை என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள்தான் ஒரு சங்கம் எவ்வளவு பொறுப்போடு நடந்தது என்பதற்கான சான்று.

எழுதக் கூசும் பகுதிகள்

சாதிக்கொரு சுடுகாடு என்பது நம் மாவட்டத்துக்கும் உரிய உண்மை. ஒரே சபைக்குள்ளேயே வரிசைகள் பிரிந்து கிடந்த கல்லறைத் தோட்டங்களும் இருந்திருக்கின்றன. விழா மலரில் இதை எழுதினால் மனவருத்தம் வரும் என்று நிர்வாகிகள் தயங்குவார்கள். வரைபடத்தை வெளியிட்டால் போதும்; எந்தப் பக்கத்தில் யார் அடக்கம் செய்யப்பட்டார்கள், எந்த ஆண்டில் வேலி எடுக்கப்பட்டது, எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் யார், எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர் என்பவற்றைத் தீர்மானப் புத்தகத்தின் சொற்களிலேயே கொடுக்கலாம். வேலி இன்னும் இருந்தால், இருக்கிறது என்று எழுதத்தான் வேண்டும். அதை மறைக்கும் வரலாற்றுக்கு நான் துணை நிற்க மாட்டேன்.

அதே நேரத்தில் பதிவேட்டில் கண்ட எல்லாவற்றையும் அச்சேற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை. தூக்கிட்டு இறந்தவர், தகப்பன் பெயர் இல்லாத குழந்தை, நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோரின் பெயர்களை வெளியிட வேண்டாம். அப்படிப்பட்டவர்களைச் சுவருக்கு வெளியே அடக்கம் செய்யும் வழக்கம் எதுவரை இருந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

கடலோர ஊர்ச் சங்கத்தின் வரலாற்றை எழுதுபவருக்கு இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அடித்தபோது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் தனித்தனிக் குழி வெட்ட நேரமின்றிக் கூட்டாக அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் யார் குழி தோண்டினார்கள், ஜேசிபி எங்கிருந்து வந்தது, பெயர்ப் பட்டியலை யார் எழுதினார்கள் என்பதெல்லாம் அன்று அங்கே நின்றவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவாக வேண்டும். 2017-இல் ஒக்கியில் போனவர்களில் பலருடைய உடல் கரைக்கு வரவே இல்லை. குழியும் இல்லை, ரசீதும் இல்லை, அடக்கப் பதிவேட்டில் வரியும் இல்லை. ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி என்பதால், கடலில் காணாமல்போன ஒருவரின் இறப்பு பதிவான நாளும் அவர் கடலுக்குப் போன நாளும் வெகுவாக விலகியிருக்கலாம். இரண்டு நாளையும் எழுதுங்கள். ஊரின் சம்மதத்தோடு அவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, குடும்பத்தார் சொல்லும் முறையில் பெயர்களைச் சேருங்கள். சந்தா கட்டியவரா இல்லையா என்று அந்தப் பக்கத்துக்காகப் பார்க்கக் கூடாது.

எழுதி முடித்தபின்

கட்டுரையை ஆண்டு வரிசையில் எழுதுவது எளிது. ஆனால் நிலம், பணம், உழைப்பு என்று மூன்று இழைகளாக எழுதி, ஆண்டு வரிசையைப் பின்னிணைப்பாக வைப்பது வாசிப்பவருக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு செய்தியும் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்திருங்கள். மலர் வெளியான மறுநாள் யாராவது வந்து கேட்பார்கள். அச்சுக்குப் போகும் முன் படியை நிர்வாகக் குழுவோடு, நீங்கள் பேட்டி கண்ட குழிவெட்டும் தொழிலாளி ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தும் இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அச்சானபின் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கும், 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி தமிழகத்தில் நூல்களைப் பெறும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பிரதிகளை அனுப்புங்கள். கணக்குப் புத்தகங்களையும் ரசீதுக் குற்றிகளையும் ஸ்கேன் செய்து, ஒரு ஹார்ட் டிஸ்கைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய படங்களையும் பிரமாணங்களையும் உரியவரிடம் நேரில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைச் சங்கக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.